தெரபி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: மதுரையில் மாற்றுத்திறன் குழந்தையை விளையாட்டு, கலை வகுப்புகளில் சேர்க்க ஒரு வழிகாட்டி

எங்கள் மகளுக்கு மூளை முடக்குவாதம். எங்கே போனாலும் சக்கர நாற்காலிதான். பேச்சு மெதுவாக வரும், நாம் சொல்வது எல்லாம் புரியும். இப்போது வார இறுதியில் பறை வகுப்புக்குப் போகிறாள். அவ்வப்போது நத்தம் சாலை நூலகத்துக்கும் போகிறாள். இந்த இரண்டையும் ஏற்பாடு செய்வதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிசியோதெரபிக்கு எங்கே போகலாம், எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்ல மதுரையில் ஆள் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளை மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடவும் பாடவும் எங்கே போவது, யாரிடம் என்ன காகிதத்தோடு போய் நிற்பது என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. அடுத்து வரும் பெற்றோர் அந்த அலைச்சலைப் படக்கூடாது என்று எழுதுகிறேன்.

முறைப்படிச் சொல்லும் முன் ஒரு விஷயம். "முதலில் உட்காரட்டும், நடக்கட்டும், கை நேராகட்டும், விளையாட்டெல்லாம் அப்புறம்" என்றுதான் நம்மிடம் எல்லோரும் சொல்கிறார்கள். ஆராய்ச்சி சொல்வது வேறு. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் டானா அனபியும், மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மேரி லாவும் மற்றவர்களும் சேர்ந்து 'பிரெப்' என்றொரு முறையை உருவாக்கினார்கள். உடல் குறைபாடு உள்ள 12 முதல் 18 வயதுப் பிள்ளைகள் தாங்களே ஒரு பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுப்பார்கள். தெரபிஸ்ட் 12 வாரம் கூட இருந்து, அந்தச் செயலுக்குத் தடையாக நிற்பவற்றை நீக்கித் தருவார். கை காலுக்குத் தனிப் பயிற்சி கிடையாது. இடம், பொருள், போக்குவரத்து, ஆசிரியரின் பயம் இவற்றில்தான் வேலை. 2018இல் வெளியான முடிவுகளில், பிள்ளைகள் தேர்ந்தெடுத்த செயல்களில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. பிள்ளை சரியாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, இடத்தைச் சரிசெய்தால் பிள்ளை இன்றைக்கே உள்ளே போகலாம். கீழே உள்ள படிகள் எல்லாம் இதை மதுரையில் நடைமுறைப்படுத்துவதற்காகத்தான்.

தெரபியை நிறுத்தச் சொல்லவில்லை. அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

1. போன நான்கு மாதத்தை எழுதிப் பாருங்கள்

மெக்மாஸ்டர் ஆய்வாளர்கள் 'கேப்' என்றொரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். 2004இல் வந்தது, 6 வயது முதல் 21 வயது வரைக்கும் பொருந்தும். 55 செயல்களைப் படம் போட்டுக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்வி கேட்கிறது: கடந்த நான்கு மாதத்தில் இதைச் செய்தாயா, எத்தனை தடவை, யாரோடு, எங்கே, எவ்வளவு பிடித்தது?

அது விலைக்கு வாங்க வேண்டியது. அதிலுள்ள செயல்களும் அவர்கள் ஊருக்கு ஏற்றவை. நமக்கு அந்த ஐந்து கேள்வி போதும். ஒரு நாற்பது பக்க நோட்டில் ஐந்து கட்டம் போட்டு, பிள்ளையோடு உட்கார்ந்து எழுதுங்கள். தாயம், பல்லாங்குழி, பட்டம் விடுவது, சித்தி வீட்டுக்குப் போனது, தெப்பக்குளத்துக் காற்று வாங்கப் போனது, தெரு முனைக் கிரிக்கெட்டைப் பார்த்தது, போனில் பார்த்தது, மாவு பிசைய உதவியது என எல்லாம் வரட்டும்.

எழுதி முடித்ததும் 'யாரோடு', 'எங்கே' என்ற இரண்டு கட்டங்களை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். எங்கள் நோட்டில் ஒன்றில் அம்மா, பாட்டி, அம்மா, அம்மா. மற்றொன்றில் வீடு, வீடு, வீடு, ஆஸ்பத்திரி. உலகம் முழுக்க ஆய்வுகள் காட்டுவதும் இதைத்தான். மாற்றுத்திறன் குழந்தைகள் செய்யும் செயல்களின் வகை குறைவு. அதிலும் பெரும்பகுதி வீட்டுக்குள், பெரியவர்களோடு. நாம் மாற்ற வேண்டியது இந்த இரண்டு கட்டங்களை.

இதற்கு ஒரு மாலை நேரம் போதும், செலவில்லை. நோட்டைப் பத்திரமாக வையுங்கள், 12 வாரம் கழித்து மறுபடி வேண்டும்.

2. எது வேண்டும் என்பதைப் பிள்ளை சொல்லட்டும்

பெரும்பாலான வீடுகளில் தடம் புரள்வது இந்த இடத்தில்தான். விரல் நன்றாக வேலை செய்யும் என்று கீபோர்டு வகுப்பு, முதுகு நிமிரும் என்று யோகா, கவனம் வரும் என்று செஸ் என நாமே முடிவு செய்துவிடுகிறோம். அது இன்னொரு பெயரில் தெரபிதான். பிள்ளைக்கும் அது தெரிந்துவிடும். பிடித்துச் செய்கிற ஒன்றுதான் வாரா வாரம் நீடிக்கும்.

பேச்சு வராத பிள்ளை என்றால் போனில் படங்களைக் காட்டுங்கள். ஒரு நேரத்தில் இரண்டே படம். கண் எந்தப் பக்கம் போகிறது, கை எங்கே நீள்கிறது என்று பாருங்கள். வேறொரு நாள், படங்களை இடம் வலம் மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள். ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் விருப்பம். படம் புரியாத பிள்ளையை நேரே கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். எங்கள் மகள் படத்தில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் தெருவில் சாமி ஊர்வலம் போனால் பறைச் சத்தம் கேட்டதும் நாற்காலியின் கைப்பிடியில் தாளம் போடுவாள். அந்தக் கையே பதில் சொல்லிவிட்டது.

முடிவான பிறகு இரண்டு மதிப்பெண் கேளுங்கள். "இதை இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது?" பத்துக்கு எத்தனை? "அதில் உனக்கு எவ்வளவு திருப்தி?" பத்துக்கு எத்தனை? ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் உலகமெங்கும் பயன்படுத்துகிற அளவுகோல் இது. அதில் இரண்டு மதிப்பெண் கூடினாலே உண்மையான முன்னேற்றமாக எடுத்துக்கொள்கிறார்கள். தேதியோடு எழுதி வையுங்கள். பிள்ளையால் சொல்ல முடியாவிட்டால் நீங்கள் பார்ப்பதை வைத்து மதிப்பெண் போடுங்கள்.

3. காகிதங்களைத் தயார் செய்யுங்கள்

முதலில், எதற்குக் காகிதம் வேண்டாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். தனியார் வகுப்புக்கு வேண்டாம். நூலகத்துக்குள் போய் உட்கார்ந்து படிக்க வேண்டாம். பூங்காவுக்கு வேண்டாம். அடையாள அட்டை கைக்கு வரட்டும் என்று பிள்ளையை வீட்டில் உட்கார வைக்காதீர்கள். அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டு, அதே வாரத்தில் அடுத்த படிக்குப் போங்கள்.

பேருந்துச் சலுகை, அரசு உதவிகள், மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டிகள் இவற்றுக்கு வேண்டியவை:

மாற்றுத்திறனாளி சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும். யு.டி.ஐ.டி. என்பது இதுதான். மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளையின் ஆதார், புகைப்படம், கையெழுத்து அல்லது கைரேகை, முகவரிச் சான்று, கையிலிருக்கும் மருத்துவ அறிக்கைகள் தேவை. அதன் பிறகு அரசு மருத்துவமனையில் மருத்துவர் குழு பார்த்துச் சதவீதம் தரும். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். அட்டையின் நிறமே சதவீதத்தைச் சொல்லிவிடும்: 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. "நான் முடித்துத் தருகிறேன், ஆயிரம் ரூபாய் கொடுங்கள்" என்று வரும் ஆளிடம் ஒரு காகிதத்தைக்கூடக் கொடுக்காதீர்கள். 2024இல் மாற்றிய விதிப்படி சான்றிதழ் வழங்க மூன்று மாதம் வரை ஆகலாம்.

அலைச்சலைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுதோறும் ஒவ்வொரு ஒன்றியத்திலும் மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடத்துகிறார்கள். எலும்பு, காது, கண், மனநல மருத்துவர்கள் ஒரே இடத்துக்கு வருவார்கள். 18 வயது வரையுள்ள பிள்ளைகள் போகலாம். தேதி கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் தெரியும். அங்கே இருக்கும் சிறப்புப் பயிற்றுநரின் போன் நம்பரை இன்றே வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டாலும் அவர் உங்களுக்கு உதவ வேண்டியவர்தான். மதுரையில் எனக்குக் கிடைத்த உதவியில் பெரும்பகுதி இப்படிப்பட்ட ஒரு பயிற்றுநரிடமிருந்து வந்தது.

சிறு பிள்ளைகளுக்குச் சான்றிதழை சில சமயம் தற்காலிகமாகத் தருவார்கள். அதில் முடிவுத் தேதி இருக்கும். வாங்கும்போதே பார்த்துக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

மருத்துவரின் ஒரு பக்கக் கடிதம். இதை யாரும் கேட்கச் சொல்ல மாட்டார்கள். ஆனால் நூறு தடவை கைகொடுக்கும். வழக்கமான செக்கப்புக்குப் போகும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். வலிப்பு உண்டா, கடைசியாக எப்போது வந்தது, என்ன மருந்து, விழுங்குவதில் சிரமம் உண்டா, எந்தச் செயல் கூடாது, மற்றதெல்லாம் செய்யலாமா என்று இருக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை என்றால் கழுத்து எலும்பைப் பற்றிக் கண்டிப்பாகக் கேளுங்கள். சிலருக்குக் கழுத்தின் மேல் மூட்டு தளர்வாக இருக்கும். அவர்கள் குட்டிக்கரணம், தலைகீழாகத் தண்ணீரில் பாய்வது போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். வலிப்பு உள்ள பிள்ளைக்கு நீச்சல் கூடாது என்று பொத்தாம் பொதுவாக ஒதுக்கிவிடுகிறார்கள். மருத்துவர் சம்மதித்தால், அந்தப் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீருக்குள்ளேயே இருந்தால், போகலாம். கரையில் நிற்கும் ஆள் கணக்கில் வராது.

எல்லாவற்றையும் போனில் ஸ்கேன் எடுத்து வைத்து, ஐந்து செட் ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

4. பிள்ளையைக் கூட்டாமல் முதலில் நீங்கள் போய்ப் பாருங்கள்

இஞ்ச் டேப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியின் அகலத்தை வீட்டிலேயே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கதவு 90 செ.மீ. இருந்தால் கவலை இல்லை. படிகளின் உயரத்தைக் கூட்டிப் பாருங்கள். சாய்தளத்துக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது 15 செ.மீ. உயரப் படிக்கு 180 செ.மீ. நீளச் சாய்தளம் வேண்டும். இதைவிடச் செங்குத்தாக ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு "ரேம்ப் இருக்கு" என்பார்கள். அதில் நாற்காலியை ஏற்றுவது ஆபத்து, இறக்குவது அதைவிட ஆபத்து.

பூங்காக்களில் பைக் நுழையக்கூடாது என்று வாசலில் வளைத்து வளைத்துக் கம்பி போட்டிருப்பார்கள். அதற்குள் சக்கர நாற்காலியும் நுழையாது. பக்கத்தில் வண்டி போகும் பெரிய கேட் இருக்கும், சாவி காவலாளியிடம் இருக்கும். முதல் நாளே அவரோடு பேசி வைத்துவிடுங்கள். ஊஞ்சலைச் சுற்றி மணல் இருந்தால் முன் சக்கரம் புதைந்துவிடும். நாற்காலியைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனால் புதையாது.

மதுரை வெயிலைக் கணக்கில் எடுக்காமல் எதையும் திட்டமிட முடியாது. பங்குனி, சித்திரையில் மாலை நான்கு மணிக்குக்கூடச் சறுக்கு மரத்தின் தகடு சுடும். தொடு உணர்ச்சி குறைவாக உள்ள பிள்ளைக்குச் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். உங்கள் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வைக்க வேண்டும். கூட்டமும் சத்தமும் ஒத்துக்கொள்ளாத பிள்ளை, குறிப்பாக ஆட்டிசம் உள்ள பிள்ளை என்றால், ஞாயிறு மாலையைத் தவிர்த்து வார நாளில் காலை நேரத்தில் போங்கள்.

தொடங்குவதற்கு நான் சொல்லும் இடங்கள்:

நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். தரைத்தளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. குழந்தைகள் பிரிவுக்கு லிஃப்டில் போகலாம். முதல் முறையாக வெளியே கூட்டிப் போகும் பெற்றோருக்கு இதைவிட நல்ல தொடக்கம் மதுரையில் இல்லை என்பது என் கருத்து. குளிர்ச்சியான இடம், செலவில்லை, யாரும் விரட்ட மாட்டார்கள்.

காந்தி அருங்காட்சியக வளாகமும் அதன் அருகிலுள்ள ராஜாஜி பூங்காவும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம்.

ரேஸ் கோர்ஸ் சாலை எம்.ஜி.ஆர். விளையாட்டு அரங்கம். நீச்சல் குளம் இங்கேதான். மாவட்ட விளையாட்டு அலுவலர் அலுவலகமும் அங்கேயே இருக்கிறது. கோடைப் பயிற்சி முகாம் அறிவிப்பு ஏப்ரலில் வரும். வந்த பிறகு ஓடினால் இடம் கிடைப்பது கடினம், மார்ச்சிலேயே போய் விசாரித்துவிடுங்கள்.

கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம். 5 வயது முதல் 16 வயது வரை, பாட்டு, நடனம், ஓவியம் போன்றவை. தனியார் வகுப்போடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு.

இவற்றை எல்லாம்விட முக்கியமானது உங்கள் வீட்டிலிருந்து ஒரே ஆட்டோவில் போய் வரக்கூடிய இடம். இரண்டு பஸ் மாறிப் போகும் வகுப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மூன்றாம் மாதம் நின்றுவிடும்.

5. ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது

வகுப்பு முடிந்து பிள்ளைகள் கிளம்பிய பிறகு போங்கள். நடுவில் போனால் அவசரத்தில் "இல்லை" என்று வந்துவிடும். சான்றிதழை முதலில் நீட்டாதீர்கள். "80 சதவீதம்" என்று வாசித்த பிறகு அவர் கண்ணுக்கு உங்கள் பிள்ளை தெரியாது, சதவீதம்தான் தெரியும்.

அதற்குப் பதில் நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். பிள்ளையின் பெயர், வயது, என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பாள், 'ஆமாம்', 'இல்லை' என்பதை எப்படிச் சொல்வாள், எந்த உதவி வேண்டும், எது வேண்டாம் என்று பத்து வரிக்குள். எங்கள் தாளில் "கேள்வி கேட்டால் பத்து எண்ணும் வரை காத்திருங்கள், பதில் வரும்" என்று ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரிதான் எல்லா ஆசிரியருக்கும் உதவியது.

"எங்களுக்கு இதில் அனுபவம் இல்லையே" என்று சொன்னால் மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பயம். பிள்ளை கீழே விழுந்தால் யார் பொறுப்பு, டாய்லெட்டுக்கு யார் கூட்டிப் போவது என்ற கேள்விகள்தான் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அவர் கேட்பதற்கு முன் நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்: முதல் மாதம் நான் வாசலில் இருப்பேன், டாய்லெட் என் வேலை, இதோ டாக்டர் கடிதம். "மற்ற பிள்ளைகளோட பேரன்ட்ஸ் என்ன சொல்வாங்களோ" என்று ஓர் ஓவிய வகுப்பில் எங்களிடம் சொன்னார்கள். அதற்கு மேல் அங்கே பேசிப் பயனில்லை என்று வந்துவிட்டோம். பறை சொல்லித் தரும் தம்பியிடம் போனபோது அவர் தாளை வாசித்துவிட்டு, "தோள்ல மாட்டித்தான் அடிக்கணும்னு ஒண்ணும் இல்லக்கா. ஒரு ஸ்டாண்டு செஞ்சுக்கிருவோம். மொதல்ல பாப்பா வந்து சும்மா உக்காந்து பாக்கட்டும்" என்றார். இப்படி ஒரு ஆள் கிடைக்கும் வரை தேடுங்கள். கட்டடம் சரியாக இருந்து மனசு மூடியிருக்கும் வகுப்பைவிட, இரண்டு படி இருந்தும் மனசு திறந்திருக்கும் வகுப்பு மேல்.

மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்ட வேண்டாம். ஒரு மாதம் மட்டும் கட்டிப் பாருங்கள். கட்டணத்தில் சலுகை கேட்பதானால் இரண்டாம் மாதத்துக்குப் பிறகு கேளுங்கள்.

6. பொருளை மாற்றுங்கள், விதியை மாற்றுங்கள்

பறைக்கு இரண்டு குச்சி. இடது கையில் நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. எங்கள் மகளுக்கு வலது கை ஓரளவு நீளும், இடது கை விரல்கள் மடங்கியே இருக்கும். சிண்டுக்குச்சியின் அடிப்பாகத்தில் சைக்கிள் ஹேண்டில் ரப்பரைச் சொருகித் தடிமனாக்கினோம். உள்ளங்கையோடு சேர்த்து ஒரு வெல்க்ரோ பட்டை. இப்போது விரல் பிடிக்காவிட்டாலும் குச்சி நழுவாது. பறையைத் தாங்க வெல்டிங் பட்டறையில் ஒரு இரும்பு ஸ்டாண்டு. நாற்காலியின் கைப்பிடிக்கு மேலே, அவள் மார்புக்குச் சற்றுக் கீழே பறை சாய்ந்து நிற்கும்படி அளவெடுத்தோம். முதலில் செய்தது அடிக்கும்போது ஆடியது, அடிக்காலை அகலப்படுத்தி ரப்பர் புஷ் போட்டுக் கொடுத்தார்கள். அளவெடுக்கும்போது பிள்ளையை நாற்காலியோடு பட்டறைக்கே கூட்டிப் போய்விடுங்கள். நாம் சொல்லும் அளவு எப்போதும் ஓர் இஞ்ச் தப்பும்.

அடியிலும் மாற்றம் உண்டு. இரண்டு குச்சி வேகமாகப் பேச வேண்டிய இடத்தில் அவள் ஒற்றை அடி மட்டும் கொடுப்பாள், குழு நிரப்பிக்கொள்ளும். அந்த அடி தவறினால் எல்லோருக்கும் தெரியும் என்கிற இடத்தில்தான் அவளை வைத்திருக்கிறார் தம்பி.

மற்ற பிள்ளைகளுக்கும் இதே வழிதான். தெருக் கிரிக்கெட்டில் உட்கார்ந்தபடி பந்து வீசுவதற்கு ஒரு விதி சேர்க்கலாம். பார்வை இல்லாத பிள்ளைக்குப் பந்துக்குள் சலங்கை. காது கேட்காத பிள்ளைக்கு விசிலோடு சேர்த்து ஒரு கொடி. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வகுப்பில் அடுத்தடுத்து என்ன நடக்கும் என்று நான்கு படம் ஒட்டிய அட்டை, சத்தம் தாங்காத நேரத்தில் போய் உட்கார ஒரு மூலை. தாயக்கட்டை உருட்ட வராத பிள்ளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கிக் கொட்டட்டும். முதலில் பொருளை மாற்றிப் பாருங்கள், போதாவிட்டால் விதியை மாற்றுங்கள். இரண்டும் போதாத இடத்தில் மட்டும் ஒரு ஆளை உதவிக்கு வையுங்கள். ஆளை முதலிலேயே வைத்துவிட்டால், எல்லாவற்றையும் அந்த ஆளே செய்துவிடுவார்.

7. பன்னிரண்டு வாரம் கொடுங்கள்

முதல் சில வாரங்களில் பிள்ளை அழலாம், தூங்கிவிடலாம், ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் கிறிஸ்டின் இம்ஸும் மற்றவர்களும் பங்கேற்பை இரண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்: ஒன்று வந்திருப்பது, மற்றொன்று ஈடுபட்டிருப்பது. வருகைப் பதிவில் பெயர் இருக்கும், பிள்ளையோ கல்யாண வீட்டுக்கு வந்த பெரியவரைப் போல ஓரத்தில் மரியாதையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு வந்ததும் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். இன்று எதையாவது தானாகச் செய்தாளா? இன்று இன்னொரு பிள்ளை அவளோடு பேசியதா? ஆறு வாரம் ஆகியும் இரண்டுக்கும் 'இல்லை' என்றால் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசி, அவளுக்கென்று ஒரு வேலை கேளுங்கள்.

நீங்கள் பக்கத்திலேயே இருந்தால் மற்ற பிள்ளைகள் நெருங்க மாட்டார்கள். உங்களிடம்தான் பேசுவார்கள்: "ஆன்ட்டி, அவ பேர் என்ன?" "அவகிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். முதல் மாதம் வாசலில், அடுத்த மாதம் தெருவில், அதற்கு அடுத்து டீக்கடையில் என்று தள்ளிப் போங்கள்.

12 வாரம் முடிந்ததும் பழைய நோட்டை எடுத்து 'யாரோடு', 'எங்கே' கட்டங்களை மறுபடி எழுதுங்கள். மதிப்பெண்ணையும் மறுபடி கேளுங்கள்.

8. செலவு

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். சக்கர நாற்காலியோடு என்றால் நடைமுறையில் ஆட்டோதான், மாதச் செலவில் பெரிய தொகை அதுதான். ஒரே ஆட்டோக்காரரிடம் மாதத்துக்கு இவ்வளவு என்று பேசிவிடுங்கள். நாற்காலியை மடக்கி ஏற்றப் பழகிய ஆள் கிடைத்தால் விடாதீர்கள். ஸ்டாண்டு, வெல்க்ரோ, ரப்பர் எல்லாம் சேர்த்து எங்களுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. சரியான அளவு நாற்காலி இல்லாவிட்டால், மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கான சிறப்புச் சக்கர நாற்காலியை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இலவசமாகத் தருகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிரமயா காப்பீடு இருக்கிறது. ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு, அதில் தெரபியும் அடங்கும். தெரபிச் செலவில் ஒரு பகுதி அதில் போனால், மிச்சமாகும் பணம் வகுப்புக்கு ஆகும்.

9. மறுத்தால் என்ன செய்யலாம்

தனியார் வகுப்பு மறுத்தால் வேறு வகுப்பு பாருங்கள். சண்டை போட்டுச் சேர்த்த இடத்தில் பிள்ளை சந்தோஷமாக இருக்காது. அரசு, மாநகராட்சி இடமாக இருந்தால் விடக்கூடாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு கலை, பொழுதுபோக்கு பற்றியது, 30ஆம் பிரிவு விளையாட்டு பற்றியது. மற்றவர்களுக்குச் சமமாக இவற்றில் பங்கேற்க ஏற்பாடு செய்வது அரசின், உள்ளாட்சியின் கடமை என்று அந்தப் பிரிவுகள் சொல்கின்றன. மனுவில் பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள்.

மனுவை ஒரு பக்கத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். "பூங்காவில் வசதி இல்லை" என்று எழுதினால் பதில் வராது. எந்தப் பூங்கா, எந்த வாசல், எத்தனை செ.மீ. அகலம், எத்தனை வேண்டும் என்று எழுதி, டேப்போடு எடுத்த படத்தை இணைத்தால் பதில் வரும். மாநகராட்சிப் பூங்காவுக்கு மாநகராட்சி ஆணையருக்கும், மற்றவற்றுக்குத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம். அதற்கும் அசையாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு, ரசீது நகலோடு.

10. வகுப்பு நின்றுபோனால்

ஆசிரியர் ஊர் மாறுவார், பரீட்சை வரும், பிள்ளைக்கு ஆபரேஷன் வரும், சித்திரைத் திருவிழாவில் பறைக் குழுவே ஊரில் இருக்காது. அதனால் இரண்டாவதாக ஒரு செயலைச் சின்ன அளவிலாவது உயிரோடு வைத்திருங்கள். எங்களுக்கு அது நூலகம். போட்டியில் ஆர்வமுள்ள பிள்ளை என்றால், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்பு ஒலிம்பிக்ஸில் 8 வயது முதல் போட்டியிடலாம், அதற்கும் குறைந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தனித் திட்டம் இருக்கிறது. முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, பதிவு இணையத்தில்தான், கடைசித் தேதிக்குள் முடிக்க வேண்டும். தற்காலிகச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அது முடிவதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். நடுவில் காலாவதியானால் பேருந்துச் சலுகையும் போட்டிப் பதிவும் ஒரே நேரத்தில் நின்றுவிடும்.